கரட் வாங்குகிறவருக்கு குயின்ஸ் பார்க் எதற்கு?

ஸ்காபரோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒருவரின் கேள்வி இது. சுற்றுச்சூழலில் அக்கறை உண்டு, கோடை வந்தால் சனிக்கிழமைகளில் விவசாயிகள் சந்தையில் உள்ளூர் மரக்கறி வாங்குவேன், ஒட்டாவா அரசியலும் நகரசபைச் செய்தியும் ஓரளவு பார்ப்பேன், குயின்ஸ் பார்க்கில், அதாவது ஒன்ராறியோ சட்டமன்றத்தில், நடக்கும் மாகாண அரசியலையும் கவனி என்று சிநேகிதர்கள் சொல்கிறார்கள், அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம், நேரமும் குறைவு, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். இரண்டு தரம் வாசித்தபோது, அவர் மனதில் இருக்கும் கேள்வி இன்னும் ஆழமானது என்று பட்டது: நான் வாங்கும் அந்த ஒரு பை மரக்கறி எதையாவது மாற்றுகிறதா, மாற்றவில்லை என்றால் வேறு எதைச் செய்யவேண்டும்? அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஊரில் விவசாயம் படித்தேன். இங்கே வந்த பிறகு பல வருடங்களாக நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலில்தான் வேலை. எந்த வயலில் வீடு வரலாம், எந்த ஓடையிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளிக் கட்டவேண்டும் என்ற கோப்புகளோடுதான் என் பொழுது போகிறது. நான் சட்டத்தரணி இல்லை, ஆகவே சட்ட நுணுக்கங்களில் என் சொல்லைக் கடைசிச் சொல்லாக எடுக்கவேண்டாம். எந்தக் கட்சிக்கும் வேலை செய்ததில்லை. இந்த வேலையில் இருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: உங்களுடைய மூன்று ஆர்வங்களும் நிலத்தில்தான் ஒன்றாகச் சேருகின்றன. ஒன்ராறியோவில் நிலத்தின் தலைவிதியை எழுதுவது மாகாண அரசு.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 92ஆம் பிரிவு நகராட்சிகளை முழுக்க மாகாணத்தின் கையில் கொடுத்திருக்கிறது. விவசாயம் மட்டும் 95ஆம் பிரிவின்படி இரண்டு அரசுகளுக்கும் பொது. ஆகவே ரொறன்ரோ நகரசபைக்கு இருக்கும் ஒவ்வொரு அதிகாரமும் மாகாணம் கொடுத்தது, மாகாணம் விரும்பினால் திருப்பி எடுக்கவும் முடியும். 2018ல் இதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 47 தொகுதிகளில் நகரசபைத் தேர்தல் நடக்கவிருந்தது, வேட்பாளர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் மாகாண அரசு சட்டம் கொண்டுவந்து அதை 25 ஆக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 அக்டோபரில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. திட்டமிடல் சட்டம், மின்சாரம், நெடுஞ்சாலை, ஆற்றுப் படுகை, இறைச்சிப் பரிசோதனை, பண்ணைத் தொழிலாளரின் வேலை நேரம் என்று உங்கள் அக்கறைகளைத் தொடும் விஷயங்களில் பெரும்பாலானவை குயின்ஸ் பார்க்கில்தான் முடிவாகின்றன.

இப்போது உங்கள் பையில் இருக்கும் கரட்டுக்கு வருவோம். அது ஹொலண்ட் மார்ஷில் விளைந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நெடுஞ்சாலை 400ல் வடக்கே பேரி பக்கம் போகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தைக் கடந்திருப்பார்கள், பார்த்திருக்கமாட்டார்கள். சாலை ஒரு பள்ளத்தில் இறங்கும், இரண்டு பக்கமும் நிலம் மேசை மாதிரித் தட்டையாக, கறுப்பாக விரியும். ஒரு காலத்தில் அது சதுப்பு நிலம். 1925 முதல் 1930 வரை கால்வாய் வெட்டி, அணை கட்டி, நீரை வடித்து விளைநிலமாக்கினார்கள். அந்த மண்ணைக் கையில் எடுத்தால் கனமே இருக்காது. விரலால் நசுக்கினால் கோப்பித் தூள் போல உதிரும், விரல் இடுக்கில் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான வருடம் நீருக்கடியில் மட்கிய இலையும் நாணலும் அது. கல் கிடையாது, அதனால்தான் கரட் நேராக இறங்குகிறது, வெங்காயம் உருண்டு திரள்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு: காற்றுப் பட்ட நாள் முதல் அந்த மண் மெல்ல எரிந்து, வருடா வருடம் தாழ்ந்துகொண்டே போகிறது. இளவேனிலில் ஈரம் காய்ந்த நாட்களில் காற்றடித்தால் கறுப்புப் புழுதி எழும்பும். அதனால் அங்குள்ள விவசாயிகள் காற்றுத் தடுப்பாக மரம் வைக்கிறார்கள், கரட் வரிசைகளுக்கு இடையில் பார்லி விதைக்கிறார்கள். இந்த மண்ணை வேறு இடத்தில் உண்டாக்க முடியாது. இதுதான் என் வாதத்தின் அடி: வீடு பல இடங்களில் கட்டலாம், முதல் தர மண் இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

கனடா பெரிய நாடுதானே, நிலத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். விவசாயத்துக்கு முதல் தரம் என்று வகுக்கப்பட்ட மண் நாட்டின் பரப்பில் அரை சதவீதம் அளவுதான். அதிலும் பாதிக்கு மேல் ஒன்ராறியோவில், குறிப்பாகத் தெற்கே, மக்கள் நெருங்கி வாழும் அதே இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நல்ல மண்ணைத் தேடித்தான் ஊர்கள் உண்டாயின. அந்த ஊர்கள் வளர்ந்தபோது முதலில் மூடியதும் அந்த மண்ணைத்தான்.

இந்த இடத்தில் ஓர் எண்ணை நீங்கள் கட்டாயம் கேள்விப்படுவீர்கள்: ஒன்ராறியோ நாளொன்றுக்கு 319 ஏக்கர் விளைநிலத்தை இழக்கிறது. சுற்றுச்சூழல் அமைப்புகளும் விவசாயிகள் சங்கமும் இதைச் சொல்கின்றன. இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2016 விவசாயக் கணக்கெடுப்புக்கும் 2021 கணக்கெடுப்புக்கும் இடையில் மாகாணத்தின் பண்ணை நிலம் ஏறத்தாழ 5,82,000 ஏக்கர் குறைந்தது. அதை ஐந்து வருடத்து நாட்களால் வகுத்தால் 319. கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கெடுப்பு, பண்ணைக்காரர்கள் தங்களிடம் இருப்பதாகச் சொல்லும் நிலத்தைத்தான் அளக்கிறது. ஒருவர் விவசாயத்தை விட்டார், நிலம் காடு பற்றிக் கிடக்கிறது என்றாலும் அது இழப்பாகவே விழும். ஆகவே 319 ஏக்கரும் கொங்கிரீட்டுக்குள் போகிறது என்று யாராவது மேடையில் சொன்னால், அது எண் சொல்லாத ஒன்று. இழப்பு பெரிது என்பது உறுதி. அதில் எவ்வளவு வீட்டுக்கும் சாலைக்கும் போனது என்பதில் நேர்மையான ஆட்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நல்ல பக்கத்தில் நிற்கிறோம் என்பதற்காக எண்ணை ஊதிக்காட்டக்கூடாது. எதிர்த்தரப்பு முதலில் உடைப்பது அதைத்தான்.

கிரீன்பெல்ட் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. 2005ல் அன்றைய மாகாண அரசு கிரீன்பெல்ட் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஓக் ரிட்ஜஸ் மொரேன் என்ற மேட்டு நிலம், நயாகரா எஸ்காப்மென்ட் என்ற செங்குத்துப் பாறைச் சரிவு எல்லாவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் நிலம் நகரத்தைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்டது. 2018 தேர்தல் நேரத்தில் கிரீன்பெல்ட்டைத் தொடமாட்டேன் என்று, அந்தத் தேர்தலில் வென்று முதல்வரான டக் ஃபோர்ட் வாக்குக் கொடுத்தார். 2022 நவம்பர் 4ஆம் தேதி அவருடைய அரசு 15 இடங்களில் 7,400 ஏக்கரை எடுத்துவிட்டு, வேறு இடத்தில் 9,400 ஏக்கரைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். ஆயிரக்கணக்கான கருத்துகள் போயின, மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பு. டிசம்பரில் அரசு நினைத்தபடியே செய்தது.

அந்த 7,400 ஏக்கரில் பாதிக்கு மேல் எங்கே இருந்தது தெரியுமா? உங்கள் ஸ்காபரோவுக்குப் பக்கத்திலேயே, பிக்கரிங்கில், டஃபின்ஸ் ரூஜ் விவசாயக் காப்பு நிலத்தில். சுமார் 4,700 ஏக்கர் நிலம் அது. எழுபதுகளில் புதிய நகரம் கட்டுவதற்காக மாகாணம் கையகப்படுத்தியது. அந்தத் திட்டம் சுருங்கிய பிறகு, ‘இது எப்போதும் விவசாயத்துக்கு மட்டுமே’ என்ற உடன்படிக்கையோடு, அதற்கேற்ற குறைந்த விலைக்கு விற்கப்பட்டது. 2005ல் அதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. 2022 டிசம்பரில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ‘எப்போதும்’ என்று எழுதி விலை குறைத்து விற்ற நிலத்தில், அந்த ‘எப்போதும்’ போனால் நில விலை எங்கே ஏறும் என்பதை நீங்களே யோசிக்கலாம். பக்கத்தில் ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. சுமார் 79 சதுர கிலோமீற்றர், உள்ளேயே பயிர் செய்யும் பண்ணைகள். காப்பு நிலம் போனால் பூங்காவுக்குத் திருத்தமுடியாத பாதிப்பு வரக்கூடும் என்று மத்திய அரசின் பார்க்ஸ் கனடா எழுத்தில் எச்சரித்தது.

2023 ஆகஸ்டில் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வந்தது. நிலத்தைத் தேர்ந்தெடுத்த முறை சில கட்டுமான நிறுவனங்களுக்குச் சாதகமாக இருந்தது, நில உரிமையாளர்களுக்கு 830 கோடி டொலருக்கு மேல் மதிப்பு உயரக்கூடும் என்று அது சொன்னது. அதே மாதம், சட்டமன்ற உறுப்பினர்களின் நெறிமுறையைக் கண்காணிக்கும் நேர்மை ஆணையரின் அறிக்கை, வீடமைப்பு அமைச்சர் நெறிமுறைச் சட்டத்தை மீறினார் என்றது. செப்டெம்பர் 4ஆம் தேதி அமைச்சர் விலகினார். செப்டெம்பர் 21ஆம் தேதி முதல்வர் மன்னிப்புக் கேட்டு, நிலம் முழுவதையும் திருப்பிச் சேர்ப்பதாக அறிவித்தார். காப்பு நிலச் சட்டமும் திரும்பி வந்தது. முன்பு அமைச்சரவையின் ஒழுங்குவிதியால் மாற்றக்கூடியதாக இருந்த எல்லைகள் இப்போது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. மாற்றவேண்டுமென்றால் சட்டமன்றத்தில் சட்டமூலம் கொண்டுவரவேண்டும்.

இதெல்லாம் பொதுப் பதிவில் இருக்கும் உண்மை. அரசு ஏன் பின்வாங்கியது என்பது வேறு. பத்திரிகைகளின் விடாமுயற்சியா, கணக்காய்வா, விவசாயிகளின் கோபமா, தங்கள் சொந்த வாக்காளர்களே தொலைபேசியில் திட்டியதா? ஒவ்வொரு தரப்பும் தன்னால்தான் என்று சொல்லும். நான் மதிப்பிடுவது இது: பொதுமக்கள் எழுதி அனுப்பிய கருத்துகள் தனியாக நின்றிருந்தால் எதுவும் நடந்திராது. கிராமப்புற ஆளும்கட்சித் தொகுதிகளில் மரபாக அந்தக் கட்சிக்கே வாக்களிக்கும் பண்ணைக் குடும்பங்கள் தோட்டத்து வாசலில் எதிர்ப்புப் பலகை வைத்ததுதான் கணக்கை மாற்றியது. இதை நிரூபிக்க முடியாது.

வீடு இல்லாமல் என்ன செய்வது என்ற கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். எங்கள் ஆட்களில் இரண்டு வேலை செய்தும் அடித்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களிடம் போய் மண் முக்கியம் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. ஆனால் இதே மாகாண அரசு நியமித்த வீட்டு விலை தொடர்பான செயற்குழு 2022 பெப்ரவரியில் கொடுத்த அறிக்கையிலேயே, பிரச்சினைக்குக் காரணம் நிலப் பற்றாக்குறை இல்லை என்றும், ஏற்கனவே கட்டப்பட்ட பகுதிகளிலும் கிரீன்பெல்ட்டுக்கு வெளியேயும் நிலம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. நிலப் பாதுகாப்பு வீட்டு விலையைக் கொஞ்சமும் ஏற்றுவதில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பொருளாதார அறிஞர்கள் இன்னும் அதில் வாதாடுகிறார்கள். வட்டி, கட்டுமானச் செலவு, நகராட்சிக் கட்டணம், ஒரு வளவில் ஒரு வீடுதான் என்ற பழைய சோனிங் விதி (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பது), இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சிறிய பங்கு என்பது என் தொழில் அனுபவம்.

கிரீன்பெல்ட் காப்பாற்றப்பட்டது என்று நிம்மதியாக இருக்கவேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். நகர எல்லைக்கும் கிரீன்பெல்ட்டுக்கும் நடுவில் பாதுகாப்பே இல்லாத விளைநிலம் ஒன்று நீளமாகக் கிடக்கிறது. திட்டமிடல்காரர்கள் அதை வைட்பெல்ட் என்கிறோம். இன்று நிலம் போய்க்கொண்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான், அங்கே எந்தப் பரபரப்பும் இல்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய மாகாணத் திட்டமிடல் கொள்கை அறிக்கை, நகராட்சிகள் தங்கள் குடியிருப்பு எல்லையை விரிப்பதை முன்னைவிட எளிதாக்கியிருக்கிறது. முன்பு பெரிய மறுஆய்வு ஒன்றின் பகுதியாகத்தான் அதைச் செய்யலாம், இப்போது எந்த நேரத்திலும் செய்யலாம். மில்ட்டன் பக்கத்திலிருந்து வோன் வரை 52 கிலோமீற்றர் ஓடப்போகும் நெடுஞ்சாலை 413ம் இதே நிலத்தின் வழியாகத்தான் போகிறது. அதை வழமையான சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சட்டத்திலிருந்து விலக்க 2024ல் தனிச் சட்டமே வந்தது. சாலை வந்தால் அதன் இரண்டு பக்கமும் என்ன வரும் என்பதற்கு நெடுஞ்சாலை 407 பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும்.

சுற்றுச்சூழல் என்றால் தூரத்து வயல் மட்டும் இல்லை. மோர்னிங்சைட் பூங்காவில் பொங்கிக் கறி சமைத்துச் சாப்பிட்டிருப்பீர்கள், ஹைலண்ட் கிரீக் ஓரமாக நடந்திருப்பீர்கள். நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு ஏன் வீடில்லாமல் கிடக்கிறது என்று யோசித்ததுண்டா? 1954 அக்டோபரில் ஹேசல் சூறாவளி வந்தது. 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். ஹொலண்ட் மார்ஷும் முழுகிப்போனது. அதற்குப் பிறகுதான் ஆற்றங்கரைகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, அந்த நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கினார்கள். இதைச் செய்தவை, 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உண்டான நீரேந்துப் பாதுகாப்பு அதிகாரசபைகள். ஆறு ஊர் எல்லையைப் பார்த்து ஓடாது, ஆகவே ஆற்றுப் படுகையையே எல்லையாக வைத்து அமைத்த நிர்வாகம் அது. நான் இந்த மாகாணத்தில் மிகவும் மதிக்கும் ஏற்பாடும் அதுதான்.

நகரசபைத் தேர்தல் முடிந்த மறுநாள், 2022 அக்டோபர் 25ஆம் தேதி, புதிய உறுப்பினர்கள் பதவி ஏற்கும் முன்னரே, மாகாண அரசு சட்டமூலம் 23ஐ முன்வைத்தது. கட்டிட விண்ணப்பங்களில் மாசு, வனவிலங்கு போன்றவை பற்றி இந்த அதிகாரசபைகள் கருத்துச் சொல்வதை அது வெள்ள அபாயம் மாதிரியான இயற்கை ஆபத்துகளுக்குள் சுருக்கியது. 2025 அக்டோபரில் 36 அதிகாரசபைகளை ஏழாக இணைக்கும் திட்டத்தையும் அரசு முன்வைத்தது. இணைத்தால் அனுமதி வேகமாகும் என்பது அரசின் வாதம், அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒரே மாதிரியான விண்ணப்பத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு பதில் கிடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எந்த ஓடை எந்த மழைக்கு எங்கே கரை உடைக்கும் என்று தெரிந்த ஆட்களின் அனுபவம் பெரிய அலுவலகத்துக்குள் கரைந்துபோகும் என்று பயப்படுகிறேன்.

மாகாணம் என்றாலே கெடுதல் என்று எழுதிவிட்டால் அது பொய். வட அமெரிக்காவின் மிகப் பெரிய நிலக்கரி மின்நிலையங்களில் ஒன்று லேக் ஈரி கரையில் நான்ரிகோக்கில் இருந்தது. 2003 தேர்தலில் நிலக்கரியை நிறுத்துவோம் என்று லிபரல் கட்சி வாக்குக் கொடுத்தது. சொன்ன தேதி 2007, தள்ளித் தள்ளிப் போய் 2014 ஏப்ரலில் தண்டர் பேயில் கடைசி நிலையம் நின்றது. 2005ல் மாகாணத்தில் 53 நாள் புகைமூட்ட எச்சரிக்கை இருந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருந்த கோடைகள் அவை. அது இல்லாமல் போனதில் அமெரிக்கப் பக்கத்து மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு மாகாணத் தேர்தல் வாக்குறுதி எங்கள் மூச்சுக் காற்றைச் சுத்தமாக்கியது என்பதில் ஐயமில்லை.

உள்ளூர் உணவு பற்றி. இதில்தான் நல்லெண்ணம் கொண்டவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். கனடிய உணவுப் பரிசோதனை அமைப்பின் வரையறைப்படி, விற்கப்படும் மாகாணத்துக்குள் விளைந்தது எல்லாமே உள்ளூர்தான். தென்கோடி லெமிங்டனில் விளைந்த தக்காளி வடமேற்கே தண்டர் பேயிலும் உள்ளூர்த் தக்காளி. அதேபோல, உள்ளூர் என்றால் கார்பன் குறைவு என்பதும் எப்போதும் உண்மையில்லை. ஓகஸ்டில் வெளியில் விளைந்த தக்காளிக்கு அது பொருந்தும். பெப்ரவரியில் இயற்கை எரிவாயுவால் சூடாக்கிய பசுமைக்குடிலில் விளைந்ததை, மெக்சிக்கோவில் வெயிலில் விளைந்து லொறியில் வந்ததோடு ஒப்பிட்டால், பல கணக்குகளில் மெக்சிக்கோவிலிருந்து வந்ததன் கார்பனே குறைவாக இருக்கும். பொதுவாக உணவின் கார்பனில் பயணத்தின் பங்கு சிறிது, உற்பத்தியின் பங்குதான் பெரிது. நான் உள்ளூர் மரக்கறியை ஆதரிப்பது தூரத்துக்காக இல்லை. அதை விளைவிப்பவருக்கு வருமானம் இருந்தால்தான் அந்த நிலம் நிலமாக இருக்கும்.

அதோடு, யார் பறிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அந்த வயல்களில் குனிந்து நிற்பவர்களில் பெரும் பகுதியினர் மெக்சிக்கோவிலிருந்தும் கரீபியன் நாடுகளிலிருந்தும் பருவகால வேலைக்கு வருகிறவர்கள். அவர்கள் வரும் திட்டம் மத்திய அரசுடையது. ஆனால் பண்ணைத் தொழிலாளருக்கு மேலதிக நேரச் சம்பளம் கட்டாயமில்லை என்பதும், மற்றத் தொழிலாளர்கள் தொழிற்சங்கம் அமைக்கும் சட்டத்துக்குள் அவர்கள் வரமாட்டார்கள் என்பதும் மாகாண விதிகள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு தெரிந்த சமூகம் நாங்கள். இதை வாசிக்காமல் கடந்துபோகக்கூடாது.

எங்கள் மரக்கறிகளும் இங்கே விளைகின்றன என்பது பலருக்குத் தெரியாது. நயாகராவில் உள்ள வைன்லண்ட் ஆய்வு மையம் வெண்டிக்காய், நீளக் கத்தரிக்காய் போன்றவற்றை ஒன்ராறியோ மண்ணுக்கும் குறுகிய கோடைக்கும் ஏற்றபடி வளர்ப்பது பற்றி வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறது. வெண்டிக்கு மண் சூடாகவேண்டும், மே மாதக் கடைசியில் பனி போன பிறகுதான் வெளியில் வைக்கலாம், ஜூலைக் கடைசியில் பறிக்கத் தொடங்கினால் செப்டெம்பரோடு முடிந்துவிடும். அந்த எட்டுப் பத்துக் கிழமை உங்கள் தமிழ்க் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டியில் எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்ராறியோ இல்லையென்றால் கடைக்காரரைக் கேளுங்கள். அவர் பெரும்பாலும் விடியற்காலையில் எட்டோபிகோவில் குயின்ஸ்வே பக்கம் இருக்கும் ஒன்ராறியோ ஃபூட் டெர்மினலில் எடுத்து வருகிறார். 1954ல் திறந்த அந்த மொத்தச் சந்தை மாகாணத்துக்குச் சொந்தம், பதிவு செய்த வியாபாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி, உள்ளூர் விவசாயிகள் நேரே விற்கத் தனிப் பகுதியே உண்டு. சங்கிலிக் கடைகளுக்குச் சொந்தமாகக் கிட்டங்கிகள் உண்டு. நூறு தமிழ், சீன, இத்தாலியக் கடைகளுக்கு அந்த ஒரு இடம்தான். அதனால் 2019ல் அதை இடம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது சின்னக் கடைக்காரர்கள் கலங்கினார்கள். கடைசியில் அது இருக்கும் இடத்திலேயே நிலைத்தது.

இறைச்சியைப் பற்றிச் சுருக்கமாக: பண்ணைக்குப் போய் அங்கேயே வெட்டி வாங்கிவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். பண்ணையில் பரிசோதனை இல்லாமல் வெட்டியதை அந்த விவசாயியின் குடும்பம் சாப்பிடலாம், விற்க முடியாது. மாகாண உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில் வெட்டியதைத்தான் கேட்டு வாங்குங்கள். சின்னக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதால் சிறிய ஆட்டுப் பண்ணைகளுக்குத் தூரம் கூடிக்கொண்டே போகிறது. இதுவும் மாகாணக் கொள்கையின் விளைவுதான், யாரும் கேள்வி கேட்பதில்லை.

சரி, நேரம் குறைவான ஒருவர் எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் பார்க்க முயலவேண்டாம். ஒன்ராறியோ சுற்றுச்சூழல் பதிவேடு என்று இணையத்தில் ஒன்று இருக்கிறது. 1993ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் உரிமைச் சட்டத்தின்படி, சுற்றுச்சூழலைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை மாகாண அரசு அதில் போட்டு, குறைந்தது 30 நாள் கருத்துக் கேட்கவேண்டும். விதிவிலக்குகள் உண்டு. குறிப்பாக, அமைச்சர் நேரடியாக ஒரு நிலத்தின் சோனிங்கை மாற்றும் ஆணைக்கு முன்கூட்டியே கருத்துக் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை, அதை எதிர்த்து மேன்முறையீடும் இல்லை. ஆகவே மாதம் ஒரு மாலை, பதிவேட்டில் பிக்கரிங், மார்க்கம், டர்ஹம், யோர்க் என்று தேடுங்கள். கருத்து எழுதினால், ‘நான் எதிர்க்கிறேன்’ என்ற ஒரு வரியைவிட, எந்த இடம், எந்த விளைவு, எந்த மாற்று என்று பத்து வரி எழுதுங்கள். ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டிய நூறு கடிதங்களை ஒன்றாகவே பார்க்கக்கூடும். இடம் தெரிந்த ஒருவரின் கடிதத்தை அதிகாரி படிப்பார். படித்ததைக் கோப்பிலும் வைப்பார், பின்னால் கணக்காய்வு வரும்போது அந்தக் கோப்பு பேசும்.

அடுத்து உங்கள் மாகாண சட்டமன்ற உறுப்பினர். எங்கள் சமூகத்தில் அவர்களைப் பொங்கல் விழா மேடையில் பார்த்துக் கைகொடுத்துப் பழகியிருக்கிறோம். 2021ல் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டத்துக்காக எத்தனை பேர் அலுவலகங்களுக்கு அழைத்தோம், கடிதம் எழுதினோம். அந்தப் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அதை நிலத்துக்கும் தண்ணீருக்கும் இன்னும் பயன்படுத்தவில்லை. 2022 மாகாணத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 44 சதவீதம் அளவுதான், வரலாற்றிலேயே மிகக் குறைவு. 2025லும் 45 சதவீதத்தைச் சுற்றித்தான். இப்படிப்பட்ட தேர்தல்களில் சில நூறு வாக்குகளில் கைமாறும் தொகுதிகள் உண்டு. ஆகவே தொகுதி அலுவலகத்தில் ஒரே விஷயத்தைப் பற்றி ஒரு கிழமையில் பத்து அழைப்பு வந்தால் அது மேலே போகும். சட்டமூலங்கள் குழுவுக்குப் போகும்போது பொதுமக்கள் பதிவு செய்து பேசலாம், இணையவழியாகவும் பேசலாம். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, எழுத்தில் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால், வரும் சனிக்கிழமை சந்தையில் ஒரு வேலை செய்யுங்கள். அங்கே விற்பவர்கள் எல்லோரும் விளைவிப்பவர்கள் இல்லை, சிலர் மொத்தச் சந்தையில் எடுத்து விற்பவர்கள். விளைவிப்பவர் ஒருவரைக் கண்டுபிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் தோட்டம் எந்த ஊரில் இருக்கிறது, நிலம் சொந்தமா, குத்தகையா? நகரத்தை ஒட்டிய நிலத்தில் கணிசமானதை வீடு கட்டக் காத்திருப்பவர்கள் வாங்கி வைத்துவிட்டு, விவசாயிக்கு வருடக் குத்தகைக்கு விடுகிறார்கள். அடுத்த வருடம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யாரும் வடிகால் குழாய் பதிக்கமாட்டார்கள், மரம் வைக்கமாட்டார்கள், மண்ணுக்கு எருவும் ஓய்வும் கொடுக்கமாட்டார்கள். அவர் குத்தகை என்று சொன்னால், அந்த ஊரின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து பதிவேட்டில் தேடுங்கள். அந்த ஊரின் எல்லையை விரிக்க விண்ணப்பம் ஏதாவது போயிருக்கிறதா என்று அந்த நகராட்சியின் இணையத்திலும் பாருங்கள். போயிருந்தால், உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் முதல் அழைப்பில் கேட்பதற்கு ஒரு விஷயம் உங்கள் கையில் இருக்கும்.